உரோமத் தோலின் சுத்தி

மயிரோடு சேர்த்துப் பதனிட்ட செம்மறியாட்டுத் தோலை விரித்து உட்காருவதும், படுப்பதும், அதையே மேலங்கியாகத் தைத்து மாட்டிக்கொள்வதும் குளிர் மிகுந்த தேசங்களில் வாழ்பவர்களுக்கு நெடுங்காலமாக வாய்த்திருக்கும் சௌகரியங்கள். அந்தத் தோல் அழுக்கடைந்தபோது அதை எவ்வாறு சுத்தம் செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளோ தேசத்துக்குத் தேசமும் காலத்துக்குக் காலமும் வேறுபட்டிருக்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஆராயப் புகுந்தால், வெளுப்பவருடைய சரித்திரத்தைத் தேடிப் போகிறவர் வழியிலேயே தோல் பதனிடுபவருடைய சரித்திரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அதற்குக் காரணம் உண்டு. துணி என்பது பெரும்பாலும் ஒரே வஸ்துவால் ஆனது. உரோமத் தோலிலோ சுபாவத்தில் மாறுபட்ட இரண்டு வஸ்துக்கள் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. மேலே நிற்கும் மயிர், நகத்தையும் கொம்பையும் போலக் கெரட்டின் என்னும் பொருளால் ஆகியது. ஒவ்வோர் இழையின்மேலும் ஓடு வேய்ந்தாற்போல நுண்ணிய செதில்கள் ஒரே திசை நோக்கிப் படிந்திருக்கின்றன. சுடுநீரிலும் காரமான சோப்பிலும் இட்டுக் கசக்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, மயிர் முழுதும் பிரிக்க முடியாத கட்டியாகத் திரண்டுவிடுகிறது. கீழே இருக்கும் தோல் கொல்லாஜன் என்னும் வேறொரு பொருளால் ஆகியது. பதனிடாத தோலை ஈரத்தோடு 60 அல்லது 65 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்துக்கு உள்ளாக்கினால் அது சட்டென்று சுருங்கி, பிறகு எந்த உபாயத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, மயிரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினால்தான் மயிர் சுத்தமாகும். தோலில் ஊறியிருக்கும் கொழுப்புப் போகாமல் இருந்தால்தான் தோல் துவண்டு கொடுக்கும். ஒன்றுக்கு ஆகாரமாக இருப்பது மற்றொன்றுக்கு அழுக்கு. இந்த முரண்பாட்டைச் சமாளிக்க மனிதர் செய்த முயற்சிகளே நம்முடைய விஷயம்.

1991-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியிலிருந்து சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனுடைய உடல் வெளிப்பட்டது. அவன் அணிந்திருந்த மேலங்கி செம்மறியாட்டுத் தோலையும் வெள்ளாட்டுத் தோலையும் பட்டை பட்டையாக இணைத்துத் தைத்தது. கொழுப்பும் புகையும் கொண்டு பதனிட்ட தோல் அது. இரும்பையும் அறியாத காலத்திலேயே, கொழுப்பை உள்ளே செலுத்தித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் தோலைக் காப்பாற்றும் வழி என்பதை அம்மலைவாசிகள் அறிந்திருந்தார்கள். ஹோமருடைய இலியட் காவியத்திலும், கொழுப்பில் ஊறிய காளைத் தோலைப் பலர் சுற்றி நின்று இழுக்க இழுக்க ஈரம் நீங்கிக் கொழுப்பு உட்புகும் காட்சி ஓர் உவமையாக வருகிறது. பிச்சைக்காரக் கோலத்தில் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்த ஒடிஸியஸ் அரசன் முன்கட்டில் படுத்துக்கொள்ளும்போது, கீழே பதனிடாத மாட்டுத்தோலும் அதன்மேல் பல ஆட்டுத் தோல்களும் விரித்துக்கொண்டான் என்று மற்றொரு காவியம் சொல்லுகிறது.

மயிரின் எண்ணெய்ப் பசை சில இடங்களில் தொல்லையாக இராமல் லாபமாகவும் இருந்தது. காக்கஸஸ் மலைப்பிரதேசத்து ஜனங்கள், அருவிகள் அடித்துவரும் பொன்தூளைத் துளையிட்ட தொட்டிகளாலும் மயிர் அடர்ந்த ஆட்டுத் தோல்களாலும் பிடித்தார்கள் என்றும், பொன் ரோமம் பற்றிய கிரேக்கக் கதை இதிலிருந்து எழுந்தது என்றும் ஸ்டிராபோ என்னும் பூகோள சாஸ்திரி எழுதிவைத்திருக்கிறார். கதையின் மூலம் எதுவாயினும், மயிரில் ஒட்டியது எளிதில் விடாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

நம்முடைய தேசத்துப் பழைய நூல்களில் இவ்விஷயம் சுத்தி, அசுத்தி என்னும் பிரகரணத்தில் வருகிறது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பலவகைத் திரவியங்களைச் சுத்தி செய்யும் முறைகளைக் கூறும்போது, பட்டையும் ஆட்டுமயிர்த் துணியையும் உவர்மண்ணாலும், குதபம் என்னும் மலைநாட்டுக் கம்பளத்தைப் பூந்திக்கொட்டையாலும், நாரிழைத் துணிகளில் சிலவற்றை வில்வக் காயாலும் வெண்கடுகாலும் சுத்தி செய்யலாம் என்று பிரித்து விதிக்கிறது. வைதிகத்துக்கு அப்பால் நின்று, வெறும் ரஸாயனக் கண்ணோடு பார்த்தாலும் இந்தப் பாகுபாடு வியப்பளிக்கிறது. பூந்திக்கொட்டையின் நுரை காரமற்றது. அது அழுக்கை நீக்கும், கம்பளியை வாட்டாது. உவர்மண்ணோ சோடா கலந்த க்ஷாரம். கம்பளிக்கு அதைக் காட்டிலும் பூந்திக்கொட்டையே பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோலைப் பற்றி அதே நூல், துணியைப் போலவே சுத்தி செய்க என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. யாகத்துக்குக் கிருஷ்ணாஜினம் என்னும் கருமான் தோலையும், விரிக்கக் கம்பளத்தையும் கைக்கொண்ட சமூகத்துக்கு உரோமம் அடர்ந்த ஆட்டுத்தோலைத் துவைக்கும் அவசியம் அதிகம் நேரவில்லை போலும். ஆதலால் அந்த ஒரு வரியைக் குறைசொல்லத் தோன்றவில்லை.

ரோமாபுரியில் கம்பளித் துணி வெளுப்பது பெரிய தொழில். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பேயியில் அத்தொழிலாளரின் தொட்டிகளை இன்றும் காணலாம். ஊறவைத்துப் புளித்த சிறுநீரில் துணியை இட்டுக் காலால் மிதித்து, பிறகு வெளுப்பு மண்ணைப் பூசி அலசுவது அவர்கள் முறை. அந்தச் சிறுநீருக்கும் வெஸ்பாஸியன் சக்கரவர்த்தி வரி போட்டார். வெளுப்பு மண்ணில் இன்னது முதலில், இன்னது பின்னர் என்று பிளினி என்னும் ரோமானிய நூலாசிரியர் வரிசை கூறியிருக்கிறார். சிறுநீரிலிருந்து பிறக்கும் அம்மோனியா மென்மையான காரம் ஆகையால், இங்கிலாந்தின் யார்க்ஷயர் நெசவாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதைக் கைவிடவில்லை. எனினும் இந்தக் கலையெல்லாம் நெய்த துணிக்கே உரியது. தோலோடு கூடிய மயிரை அந்தத் தொட்டியில் இறக்கியிருந்தால் ஒரே நாளில் இரண்டும் கெட்டிருக்கும்.

மத்திய காலத்து ஐரோப்பாவில் உரோமத் தோல் செல்வத்தின் அடையாளமாயிற்று. லண்டன் மாநகரத்து உரோமத் தோல் வணிகர் சங்கம் 1327-ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு அரசரிடமிருந்து சாஸனம் பெற்றது. ஊர்வலங்களில் தாங்கள் முன்னா, தையற்காரர் சங்கம் முன்னா என்று அவர்கள் நடத்திய சண்டை 1484-இல் மேயர் தலையிட்டு, ஆண்டுக்கு ஒருவராக மாறி மாறி முன்செல்லுக என்று தீர்ப்பளித்த பிறகே அடங்கியது. அக்காலத்து உரோமத் தோல்களில் பெரும்பகுதி படிகாரம் கொண்டு பதனிட்டவை. படிகாரம், உப்பு, கோதுமை மாவு, முட்டையின் மஞ்சட்கரு இவற்றைக் குழைத்துத் தோலில் ஏற்றுவார்கள். தோல் வெண்மையாகவும் மிருதுவாகவும் வரும். மயிரின் நிறமும் கெடாது. படிகாரத்துக்காகக் கிறிஸ்தவ தேசங்கள் சின்ன ஆசியாவையே நம்பியிருந்த நிலைமை, 1461-இல் போப்பரசரின் எல்லைக்குட்பட்ட டோல்ஃபா குன்றுகளில் ஜியோவன்னி டா காஸ்ட்ரோ படிகாரப் பாறையைக் கண்டுபிடித்ததனால் மாறியது. சாயத் தொழிலும் தோல் தொழிலும் அந்த ஒரு வஸ்துவின் விலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த காலம் அது.

படிகாரப் பதனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தோலோடு உறுதியாகப் பிணைவதில்லை. தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். படிகாரம் போனபின் எஞ்சுவது பச்சைத் தோலே. அது உலரும்போது விறைத்துச் சுருங்கி, மடித்தால் வெடிக்கும். மழையில் நனைந்த ஒரு மேலங்கி ஒரு குடும்பத்துக்கு எத்தகைய நஷ்டமாக இருந்திருக்கும் என்பதை உணர்ந்தால்தான், பாரிஸ் நகரத்துக் கிருஹஸ்தர் ஒருவர் 1393-ஐ ஒட்டித் தம் இளம் மனைவிக்காக எழுதிய போதனை நூலின் அருமை விளங்கும். அவர் முதியவர், அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. தெய்வபக்தியிலிருந்து தோட்டவேலை, சமையல் வரை அனைத்தையும் விவரிக்கும் அந்நூலில், நனைந்து விறைத்துப்போன உரோமத்தைச் சீர்படுத்தும் முறையும் இருக்கிறது. உரோமத்தை ஆடையிலிருந்து பிரித்தெடுத்து, தையற்காரர் துணிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல வாயால் திராட்சரசத்தைத் தெளித்து, நனைந்த இடத்தில் மாவைத் தூவி, ஒரு நாள் உலரவிட்டு, அதன்பின் பழைய நிலைக்கு வரும்வரையில் நன்றாகத் தேய்க்கவேண்டும் என்பது அவர் கட்டளை.

இதை வெறும் பாட்டி வைத்தியமாக எண்ணிவிடலாகாது. வாயால் தெளிப்பது சிறிதளவே ஆகையால் தோல் மறுபடி ஊறிப்போகாமல், இளகுவதற்கு வேண்டிய ஈரத்தை மட்டும் பெறுகிறது. மாவு மிச்சமுள்ள ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் தேய்ப்பதோ, பதனிடும் பட்டறையில் உலர்ந்த தோலை மழுங்கிய இரும்பின்மேல் இழுத்து இளக்குகிறார்களே, அதே கிரியைதான். படிகாரப் பதனில் மாவும் ஓர் உறுப்பு என்பதை நினைக்கும்போது, பதனிட்டவன் கொடுத்து மழை பறித்துக்கொண்டதில் ஒரு பகுதியை அந்தக் கிருஹஸ்தர் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குப் படுகிறது. உரோம ஆடைகளை அடிக்கடி எடுத்து வெயிலில் காட்டவேண்டும், ஆனால் பனிமூட்டமும் ஈரமும் உள்ள நாளில் விரித்து அந்த ஈரத்தோடே மடித்துவைத்தால் முன்னிலும் மோசமான பூச்சி உண்டாகும், ஆதலால் நல்ல உலர்ந்த நாளாகப் பார்த்துக்கொள் என்றும் அவர் எச்சரிக்கிறார். தம் பெயரைக்கூட விட்டுச் செல்லாத அந்தப் பெரியவருடைய நூல் 1846-இல் அச்சேறியது.

வடதேசங்களில் மாவுக்குப் பதில் வானமே சுத்தி சாதனத்தை அனுப்பியது. ருஷியாவின் ரோமானோவ் இன ஆட்டுத்தோல், குடியானவர்களின் மேலங்கிக்குப் பெயர்போனது. அங்கே பழைய பதன்முறை தானிய மாவைப் புளிக்கவைத்த நீரும் உப்பும். மங்கோலியரோ புளித்த பால்நீரைக் கையாண்டார்கள். இவை எல்லாமே தண்ணீருக்கு அஞ்சும் பதன்கள். ஆதலால் கடுங்குளிர் நாளில் புதிதாக விழுந்த உலர்ந்த பனியின்மேல் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறம் அடித்து, புரட்டிப் பனியைத் தூவித் துடைப்பத்தால் தள்ளும் வழக்கம் ருஷியாவில் நிலைத்தது. பனி உருகாதவரையில் அது ஈரம் அன்று, தூள். தூசியைத் தன்னோடு பற்றிக்கொண்டு உதிர்ந்துவிடும். மேலும், கடுங்குளிர் அந்துப்பூச்சியின் புழுக்களையும் கொல்லும். இக்காலத்துப் பொருட்காட்சிச் சாலைகளில் கம்பளிப் பொருள்களை உறையில் இட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிரில் சில நாள் வைத்துப் பூச்சி போக்குவது அதே உண்மையின் யந்திர வடிவமே.

உரோம வியாபாரத்துக்கு உலகத் தலைநகராக விளங்கிய ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலும் மற்ற இடங்களிலும் தொழிலாளர் மரத்தூளைக் கைக்கொண்டார்கள். பெரிய மரப் பீப்பாயில் உரோமத் தோல்களையும் உலர்ந்த மரத்தூளையும் சேர்த்து மெல்ல உருட்டி, பிறகு கம்பிவலைப் பீப்பாயில் இட்டுத் தூளை உதிர்த்துவிடுவது அவர்கள் முறை. நம்முடைய வீடுகளில் கிடைக்கும் தவிடும் இதற்கு உதவும். தண்ணீரில்லாமலே வெளுக்கும் திரவங்கள் பிறகு வந்தன. நியூயார்க்கில் தையற்தொழில் செய்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்னும் கறுப்பினத்தவர் 1821-இல் உலர்முறை வெளுப்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பாரிஸில் ஜோலி என்பவர் விளக்கெரிக்க உதவும் ஆவித்திரவம் கறையைக் கரைப்பதைக் கண்டு கடை வைத்தார் என்பது பிரசித்தமான கதை. பென்ஸின் போன்ற திரவங்கள் பட்டறைகளை எரித்தன. 1930-களில் தீப்பற்றாத பெர்க்ளோரோஎத்திலீன் பரவிற்று. ஆனால் இவை மயிரின் பிசுக்கோடு தோலின் கொழுப்பையும் வாரிக்கொண்டு போகும். இழந்த எண்ணெயைத் திரும்ப ஊட்டத் தெரியாதவர் கையில் இம்முறையும் ஆபத்தே.

சுத்தம் செய்யும் பொருளுக்கு நேரும் அபாயத்தையே பேசிக்கொண்டு, சுத்தம் செய்பவருக்கு நேர்ந்த அபாயத்தை மறப்பது நியாயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யார்க்ஷயரின் பிராட்போர்டு நகரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டுமயிர்ப் பொதிகளைப் பிரித்துத் தரம் பார்த்த தொழிலாளர் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தார்கள். துருக்கியின் வான் பிரதேசத்து மயிர் மிகவும் அஞ்சத்தக்கது என்று பெயரெடுத்தது. அது ஆந்த்ராக்ஸ் என்னும் அடைப்பான் நோயே என்று மருத்துவர் ஜான் ஹென்றி பெல் 1880-ஐ ஒட்டி நிலைநாட்டினார். கால்நடையின் இரத்தம் காய்ந்து மயிரிலும் தோலிலும் ஒட்டியிருக்க, அதனுள் நோய்வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தன. 1919-இல் இதற்கென்று ஒரு சட்டம் பிறந்தது. 1921-இல் லிவர்ப்பூலில் அரசாங்கமே கம்பளி சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தது. வெதுவெதுப்பான சோப்புநீரில் இரத்தக்கட்டியை இளக்கி, பிறகு பார்மால்டிஹைடில் நனைத்து நோய்வித்தை அழிப்பது அங்கே கண்ட முறை. இன்று நாம் கவலையின்றி முகம்வைத்துப் படுக்கும் விரிப்பின் பின்னே அந்தப் பிராட்போர்டுத் தொழிலாளரின் உயிர்கள் இருக்கின்றன.

தோலின் தண்ணீர்ப் பயத்தைத் தீர்த்தது குரோமியம். 1858-இல் ஜெர்மானிய ரஸாயனி ஃப்ரீட்ரிஹ் க்னாப், குரோமிய உப்பு தோலைப் பதப்படுத்தும் என்று காட்டினார். அதைத் தொழிலாக்கியவர் நியூயார்க்கில் சாயக் கம்பெனி ஒன்றில் வேலைசெய்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். பெண்களின் இடைக்கச்சையில் செருகும் எஃகுப் பட்டைகளுக்குப் படிகாரத் தோலில் உறை தைத்தபோது, அதிலிருந்த உப்பு எஃகைத் துருப்பிடிக்க வைத்தது. துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்று ஒருவர் கேட்கப்போக, 1884-இல் ஷுல்ட்ஸுக்குப் புதிய பதனின் உரிமைப் பட்டயம் கிடைத்தது. குரோமியம் தோலின் இழைகளோடு உறுதியாகப் பிணைந்துவிடுவதால், நன்கு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். ஒரு துண்டைக் கொதிநீரில் இட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பதே பட்டறையில் அதற்குச் சோதனை.

இந்தப் பதன் சென்னைக்கும் வந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னாட்டுத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தையில் நன்மதிப்புப் பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அரசாங்கத்தின் ஆதரவில் குரோமியப் பதன் பரீட்சைகளை நடத்தினார். சிறிது காலத்தில் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலை அந்த இடத்துக்கே குரோம்பேட்டை என்ற பெயரைத் தந்துவிட்டது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியின் ஆடுகள் பெரும்பாலும் கம்பளி ஆடுகள் அல்ல. சேலத்து மேச்சேரி ஆட்டின் தோல் புகழ்பெற்றதென்றால், அது மயிரை நீக்கிய தோலுக்காகவே. நீலகிரி ஆடு ஒன்றைத் தவிர, நம்மிடம் மென்கம்பளி ஆடு சொல்லும்படியாக இல்லை. ஆகையால் நம்முடைய வீடுகளில் இன்று காணும் உரோம விரிப்புக்கள் பெரும்பாலும் குளிர்தேசத்து விருந்தாளிகள்.

குரோமியத்துக்குப் பின்னால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. அதுவரையில் தண்ணீருக்குப் பயந்தது தோல். இப்பொழுது சூட்டுக்குப் பயப்படும் முறை மயிருடையதாயிற்று. கொதிநீரைத் தாங்கும் தோலின்மேல், கொதிநீரில் கட்டிதட்டிப்போகும் மயிர்! மருத்துவமனைகளில் படுக்கைப்புண் வராமல் தடுக்க உரோமத் தோலை நோயாளியின் கீழே விரிக்கும் வழக்கம் பரவியபோது இந்தச் சங்கடம் பெரிதாயிற்று. வியர்வையும் சிறுநீரும் படும், அடிக்கடி துவைத்தாகவேண்டும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் குளூட்டரால்டிஹைடு என்னும் பதனைக் கொண்டு, அழுக்கையும் காரத்தையும் அடிக்கடி துவைப்பதையும் தாங்கும் தோலை உருவாக்கினார்கள். பிற்காலத்தில் மருத்துவ ஆட்டுத்தோலுக்கென்று அந்நாட்டில் தனித் தரநிர்ணயமே ஏற்பட்டது. பாரிஸ் கிருஹஸ்தரின் மாவுக்கும் இதற்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, இன்று ஒருவர் தம் விரிப்பைத் துப்புரவு செய்ய எண்ணினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எந்தச் சோப்பு என்பதன்று. எந்தப் பதன் என்பதே. ஓரத்தில் வெட்டிய விளிம்பு ஓரளவு சொல்லும்: வெள்ளை பெரும்பாலும் படிகாரம், நீலச்சாயலான சாம்பல் குரோமியம், வெளிர்மஞ்சள் குளூட்டரால்டிஹைடு, பழுப்பு மரப்பட்டை; சாயம் ஏற்றிய தோலில் மட்டும் இந்த அடையாளத்தை நம்பலாகாது. குரோமியமும் குளூட்டரால்டிஹைடும் ஆனால், வெதுவெதுப்புக்கும் குறைந்த நீரில், காரமற்ற கம்பளிச் சோப்பு கொஞ்சம் இட்டு, கசக்காமல் அமுக்கி அலசி, நிழலில் தட்டையாக விரித்து, பாதி உலர்ந்ததும் தோல்புறத்தைக் கையால் இழுத்து இளக்கிக்கொண்டே உலர்த்தலாம். படிகாரத் தோலையும் மரப்பட்டைத் தோலையும் தண்ணீரில் அமிழ்த்தலாகாது. தவிடோ மாவோ தூவி, ஓர் இரவு வைத்து, உதறித் துலக்கிவிடுங்கள். எந்தத் தோலுக்கும் சலவைச் சோடா, வெந்நீர், கடுவெயில், அடுப்புச் சூடு, சலவை யந்திரத்தின் சுழல் உலர்த்தி ஆகியவை ஆகா. பதன் இன்னதென்று விற்றவருக்கும் தெரியாவிட்டால், அது படிகாரமே என்று வைத்துக்கொண்டு தண்ணீரை அருகில் கொண்டுவராமல் இருங்கள்.